நீச்சல் குளமும் ஒரு கட்டடம்தான்: பினாங்கு வீடுகளில் குளம், ஜக்குஸி வைப்போருக்கு

"என் நிலம், என் காசு. பின்பக்கம் ஒரு குழி தோண்டினால் எவனுக்கு என்ன?" புக்கிட் மெர்தாஜாமில் கார்னர் லாட் வாங்கிய உறவுக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) 'கட்டடம்' என்றால் என்ன என்று ஒரு நீண்ட பட்டியல் போடுகிறது. வீடு, குடிசை, கொட்டகை, சுவர், வேலி, நிலத்தடித் தொட்டி, படகுத்துறை என்று போகும் அந்தப் பட்டியலில் நீச்சல் குளமும் இருக்கிறது. குழி என்று நாம் நினைப்பதைச் சட்டம் கட்டடம் என்கிறது. மற்ற எல்லாமே இந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் வருகின்றன.

கட்டடம் என்றால் 70ஆவது பிரிவு வந்துவிடும். ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. தீவில் இருப்பவர்களுக்குப் பினாங்கு மாநகராண்மைக் கழகம். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றால் செபராங் பிறை மாநகராண்மைக் கழகம். அங்கே கேட்கும்போது 'பெலான் பங்குனான்' (கட்டடப் பிளான்) என்று சொன்னால் சரியான கவுண்டருக்கு அனுப்புவார்கள். கட்டடப் பிளானை வீட்டுக்காரரோ கண்ட்ராக்டரோ போட்டுக் கொடுக்க முடியாது. தகுதி பெற்ற கட்டடக் கலைஞர், பொறியாளர் அல்லது பதிவு பெற்ற வரைவாளர்தான் சமர்ப்பிக்க வேண்டும். "பெர்மிட்டெல்லாம் நான் பார்த்துக்கிறேன் அண்ணே" என்று கண்ட்ராக்டர் சொன்னால், "பிளானில் கையெழுத்துப் போடுவது யார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் இழுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அனுமதியில்லாமல் கட்டி நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரிங்கிட் வரை தனி. இடிக்கச் சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு.

தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, பாயா தெருபோங் மேட்டுப் பகுதிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மண் வெட்டி நிரவுவதற்கே 70ஏ பிரிவின்கீழ் தனி அனுமதி தேவை. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலே இருக்கும் நிலத்தையும் 25 பாகைக்கு மேல் சரிவு உள்ள நிலத்தையும் பினாங்கு மலை நிலமாகவே நடத்துகிறது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளம் ஒன்றில் மண் சரிந்து 11 பேர் இறந்ததை இங்கு யாரும் மறக்கவில்லை.

இனி மாடி வீட்டுக்காரர்கள். கொண்டோ பால்கனியில் ஒரு ஜக்குஸி (நீர் சுழலும் குளியல் தொட்டி) வைத்தால் என்ன என்ற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. கணக்கை மட்டும் பாருங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். 70 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 700 கிலோ; தொட்டியின் எடையும் உட்காரும் ஆட்களும் இதில் சேரவில்லை. 1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணை விதிகளின்படி குடியிருப்புத் தளத்துக்குக் கணக்கிடப்படும் சுமையோ சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. அதனால்தான் அடுக்குமாடி வீடுகளுக்கான 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாக ஒழுங்குமுறைகள், வீட்டில் புதுப்பிப்பு வேலை எதுவானாலும் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதியை முதலில் வாங்கச் சொல்கின்றன. தேவைப்படும் இடத்தில் மாநகராண்மைக் கழக அனுமதியும் வேண்டும். ஒயரிங்கைப் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள். ஈரமான இடத்துக்கு 10 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி வேண்டும். வீட்டின் பொதுப் பெட்டியில் இருப்பதே போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

கொண்டோவின் பொதுக் குளம் பற்றித்தான் சண்டை அதிகம். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவரைக் குளத்தில் இறங்க விடாமல் தடுக்கலாமா? தடுக்கலாம். அதே 2015 ஒழுங்குமுறைகள் அந்த அதிகாரத்தைத் தருகின்றன. பாக்கிதாரர் பெயரை அறிவிப்புப் பலகையில் போடவும் செய்யலாம். வாடகைக்காரர்களுக்கு இது கசக்கும்: நீங்கள் மாதாமாதம் வாடகை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், உரிமையாளர் பாக்கி வைத்திருந்தால் தடை உங்களையும் சேரும். ஒப்பந்தம் போடுமுன் கடைசி ரசீதைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை.

குளத்துக்கான கூடுதல் விதிகளை நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு எழுதி ஒட்டிவிட முடியாது. பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானமாக, நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு நிறைவேற வேண்டும். விதி மீறலுக்கு அபராதம் 200 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. அநியாயம் என்று தோன்றினால் மாநகராண்மைக் கழகத்தில் உள்ள கட்டட ஆணையர் பிரிவுக்குப் போங்கள். 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம் விசாரிக்கும். கூட்டத்துக்கே போகாமல் வாட்ஸ்அப்பில் பொங்குவதை விட இது பலன் தரும்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழம் என்று ஒரு சிறிய குளம் வைத்தாலே ஏறக்குறைய 45,000 லிட்டர் பிடிக்கும். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது வாளியோடு நின்ற நாள்களை நினைத்தால், அண்டை வீட்டார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் புரியும்.

கடைசியாகக் கொசு. இதற்குப் பிளாஸ்டிக் குளமும் தப்பாது. பம்பு ஓடி குளோரின் சேரும் குளத்தில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளராது. தீபாவளிக்கோ திருமணத்துக்கோ தமிழ்நாட்டுக்கு ஒரு மாதம் போகிறோம், கரண்ட் மிச்சம் என்று பம்பை அணைத்துவிட்டுப் போனால் வளரும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வீட்டில் கொசுப் புழு கிடைத்தால் கம்பவுண்ட் (வழக்கில்லாமல் கட்டும் அபராதம்) 500 ரிங்கிட். வழக்கானால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ. ஆகவே சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கும்போது, பம்பு சுவிட்ச் எங்கே என்பதையும் காட்டிவிட்டுப் போங்கள்.