செமி ரிஜிட்: ‘அரை உறுதி’ அல்ல, பகுதி விறைப்பு

எஃகுக் கட்டடத்தில் உத்தரம் தூணோடு சேரும் இடத்தைக் கணினியில் மாதிரியாக்குவது பற்றித் தமிழில் எழுதும் பலர், செமி ரிஜிட் இணைப்பை, அதாவது முழுக்க விறைத்தும் நிற்காமல் முழுக்கத் தடையின்றியும் சுழலாமல் இடைப்பட்டு நிற்கும் இணைப்பை, ‘அரை உறுதி இணைப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘அரை’யும் தவறு, ‘உறுதி’யும் தவறு.

ரிஜிட் என்பதன் மூலம் ‘ரிகேரெ’ என்ற லத்தீன் வினை; விறைத்திருத்தல் என்று பொருள். குளிரில் கை விறைத்துப்போகிறதே, அதே விறைப்பு. இயற்பியல் பாடநூலில் ‘விறைப்புக் குணகம்’ ஏற்கெனவே இருக்கிறது.

இணைப்பை ஒரு ரேடியன் சுழற்ற எத்தனை திருப்புத்திறன் (விசையின் சுழற்றும் விளைவு, அதாவது மொமென்ட்) வேண்டும் என்பதுதான் அதன் விறைப்பு. மென்பொருளில் இணைப்புக்குப் பதிலாக வைக்கும் சுழல்வில்லுக்கு (சுழற்சியை எதிர்க்கும் ஸ்பிரிங்) கொடுக்கும் எண் அது. அலகு கிலோநியூட்டன் மீட்டர்/ரேடியன். இணைப்பு அதிகபட்சம் எவ்வளவு திருப்புத்திறனைத் தாங்கும் என்பது வலிமை. அலகு கிலோநியூட்டன் மீட்டர் மட்டும். ‘உறுதி’ என்றதும் வாசகர் மனத்தில் வருவது இந்த இரண்டாவதுதான். விளைவைப் பாருங்கள். சட்டகம் பக்கவாட்டில் அதிகம் சாய்கிறது, அதற்குக் காரணம் ‘இணைப்பின் உறுதி போதவில்லை’ என்று ஒரு பொறியாளர் படிக்கிறார். உடனே 4.6 தர போல்ட்டை எடுத்துவிட்டு அதே விட்டத்தில் 8.8 போடுகிறார். போல்ட்டின் இழுவலிமை 400 மெகாபாஸ்கலிலிருந்து 800 ஆகிறது. எஃகு எவ்வளவு விறைப்பானது என்பதைச் சொல்லும் மீள்குணகம் மாறவே இல்லை. போல்ட்டை முன்கூட்டியே இழுத்து முறுக்காத, அதாவது முன்னிழுப்பு இல்லாத இணைப்பில் சுழல்வில்லின் எண்ணும் அப்படியே, சாய்வும் அப்படியே. உத்தரத்தின் முனையில் பற்றவைத்துத் தூணோடு போல்ட் போடும் முனைத்தகட்டைத் தடிப்பாக்கியிருக்க வேண்டும், அல்லது தூணின் நடுத்தகட்டோடு துணைத்தகடு சேர்த்துப் பற்றவைத்திருக்க வேண்டும்.

‘விறைப்பு’ ஆளின் மிடுக்கைச் சொல்லும் பேச்சுச் சொல், பொறியியலுக்கு ஒட்டாது என்று சிலர் சொல்கிறார்கள். நன்றாகவே ஒட்டும். விறைப்பாக நிற்பவன் பலசாலியாக இருக்க வேண்டியதில்லை, வளையமாட்டான், அவ்வளவுதான். சாக்பீஸ் விறைப்பானது, வலிமையற்றது. நைலான் கயிறு வலிமையானது, வளைப்பதற்கு விறைப்பே இல்லாதது.

‘அரை’க்கு வருவோம். எதில் பாதி? 8 மீட்டர் உத்தரம், மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் சுமை. முனைகள் முழு விறைப்பானால் திருப்புத்திறன் அங்கே 160, நடுவில் 80 கிலோநியூட்டன் மீட்டர். தடையின்றிச் சுழலும் கீல் என்றால் முனையில் 0, நடுவில் 240. எஃகுக் கட்டமைப்புக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோட் 3-இன் 1-8ஆம் பகுதி, ‘பகுதி விறைப்பு’க்கு வைத்த கீழ் எல்லை, உத்தரத்தின் EI/L மதிப்பில் (E மீள்குணகம், I குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன், L நீளம்) 0.5 மடங்கு. மேல் எல்லை, சாய்வைத் தடுக்கும் குறுக்குச்சட்டங்கள் உள்ள சட்டகத்தில் 8 மடங்கு, மற்றவற்றில் 25. கீழ் எல்லையில் முனைத் திருப்புத்திறன் 32, நடுவில் 208. எட்டு மடங்கில் முனையில் 128, நடுவில் 112. இவ்வளவு அகன்ற வீச்சை ‘அரை’ என்று குறுக்கினால், 50 சதவீதம் என்று நினைத்து மாதிரியில் பாதி எண்ணைப் போடுகிறவர் மேல் என்ன குற்றம்?

மொழிபெயர்ப்பாளர்கள் ‘உறுதி’யை வலிமைக்கும் வைக்கிறார்கள், நிலைப்புத்தன்மைக்கும் வைக்கிறார்கள், விறைப்புக்கும் வைக்கிறார்கள். அப்புறம் ஸ்டிஃப்னர் (விறைப்பைக் கூட்டச் சேர்க்கும் தகடு) வருகிறது. ‘உறுதிப்படுத்தி’ என்று எழுதி, எதை உறுதிப்படுத்துகிறது என்று விளக்க ஒரு பத்தி செலவழிக்கிறார்கள். ‘விறைப்பூட்டும் தகடு’ என்றால் அந்தப் பத்தியே வேண்டாம்.