பட்டினி கிடந்தால் உடம்பு சுத்தமாகுமா?

மூன்று நாள் எலுமிச்சைச் சாறும் தேனும் மட்டும் குடித்தால் உடம்பில் சேர்ந்த நச்செல்லாம் போய்விடும் என்கிறார்கள். எந்த நச்சு, எந்த வழியாகப் போகிறது என்று யாரும் சொல்வதில்லை. உடலியலில் இதற்குத் தெளிவான பதில் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், நச்சு நீக்கத்துக்காகப் பட்டினி கிடக்கவே தோன்றாது.

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் அங்கே பாய்கிறது. நச்சுகளிலும் மருந்துகளிலும் பல, கொழுப்பில் கரைபவை. அப்படியே சிறுநீரில் போகாது. கல்லீரல் நொதிகள் அவற்றை உருமாற்றி, நீரில் கரையும் ஏதாவது ஒரு மூலக்கூறை அவற்றோடு ஒட்டிவிடுகின்றன. அப்புறம் அவை பித்தநீர் வழியாகவோ சிறுநீர் வழியாகவோ வெளியேறும். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். சிறுநீராக வெளியே வருவது அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான்.

காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பங்கோடு குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டி, கல்லீரல் சிறுநீருக்கு அனுப்பிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும், கல்லீரல் செல்களையே கொல்லக்கூடிய ஒரு பொருளாக மாறுகிறது. அதைப் பிடித்து அடக்குவது குளுட்டாதயோன். மூன்று அமினோ அமிலங்களைக் கோத்து உடம்பு இதைத் தயாரிக்கிறது. அவற்றில் முக்கியமானது கந்தகம் உள்ள சிஸ்டீன். முட்டை, மீன், பருப்பு என்று நாம் சாப்பிடும் புரதத்திலிருந்துதான் அது கிடைக்கிறது.

சாப்பாடு நின்றால் குளுட்டாதயோன் இருப்பு குறைகிறது. குளுக்குரோனிக் அமிலம் குளுக்கோஸிலிருந்து உருவாவது, அதுவும் குறைகிறது. அதாவது நச்சை அகற்றும் இரண்டு கருவிகளுமே பட்டினியில் பலவீனமாகின்றன. ஒரு நாள் விரதத்தில் சரியான அளவில் போடும் ஒரு மாத்திரை, ஆரோக்கியமானவரைப் பொதுவாக ஒன்றும் செய்யாது. பல நாள் சரியாகச் சாப்பிடாதவரும் தொடர்ந்து மது குடிப்பவரும்தான் அளவு மீறினால் ஆபத்தில் மாட்டுகிறார்கள். பாராசிட்டமாலை அளவு மீறிப் போட்டுவிட்டு வருபவருக்கு மருத்துவமனையில் கொடுக்கும் நச்சுமுறி மருந்தே சிஸ்டீனின் ஒரு வடிவம்தான்.

சரி, விரத நாட்களில் தலைவலி, வாய் நாற்றம், எடைக் குறைவு எல்லாம் வருகிறதே? வழக்கமான காபி நின்றாலே தலை வலிக்கும். கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன் மூச்சில் கலந்து வாடை அடிக்கும். கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன், ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது. முதல் இரண்டு நாளில் மளமளவென்று இறங்கும் எடையில் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். சாப்பிட ஆரம்பித்ததும் திரும்பிவிடும்.

பூச்சிக்கொல்லியான டி.டி.டி போன்ற சில நச்சுகள் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவது உண்மை. ஆனால் கொழுப்பு வேகமாகக் கரையும்போது அவை ரத்தத்தில் கலந்து, அங்கே அவற்றின் அளவு கூடவே செய்கிறது.

சாறு விஷயத்தில் எனக்குக் கவலை இன்னும் அதிகம். இரும்பன்புளிச் சாறு கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அடர்த்தியாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் காயில் ஆக்சலேட் என்ற உப்பு மிகுதி. அது சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிடுகிறது. பசலைக்கீரையிலும் ஆக்சலேட் நிறையவே உண்டு. கூட்டாக வைத்துச் சாப்பிடும் அளவு வேறு, தினமும் கட்டுக்கட்டாக அரைத்துக் குடிப்பது வேறு.

பட்டினியில் செல்கள் தங்கள் பழுதான பாகங்களையே செரித்து மறுபடி பயன்படுத்துவதும் உண்மைதான். ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு இந்தத் தன்விழுங்கலை ஆராய்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது செல்லின் உள்வீட்டு வேலை. குடித்த மதுவையும் விழுங்கிய மாத்திரையையும் கவனிப்பது கல்லீரல் நொதிகள்தான்.

நம்பிக்கைக்காக விரதம் இருப்பவர்கள் தாராளமாக இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மட்டும் மருத்துவரிடம் கேட்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும். சாப்பாட்டை நிறுத்திவிட்டு வழக்கமான இன்சுலினை அப்படியே போட்டால், சில மணி நேரத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்.