பதினாலாயிரம் ரூபாய்ச் சத்தம்

அக்கா மகன் காரைக்குடியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். போன மாதம் ஒரு துண்டுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, "அம்மான், இதெல்லாம் போட்டா வண்டி நெசமாவே பறக்குமா? நீங்க சரின்னு சொன்னாத்தான் அப்பச்சிக்கிட்டக் காசு கேக்க முடியும்" என்றான். (எங்கள் பக்கத்தில் அப்பச்சி என்றால் அப்பா.) மெக்கானிக் கையெழுத்தில் ஐந்து வரிகள்: ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், கழுவிக் கழுவிப் போடும் ஏர் ஃபில்டர், இரிடியம் ஸ்பார்க் பிளக், பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், சங்கிலியை இழுக்கும் முன் பல்சக்கரத்தில், அதாவது முன் ஸ்ப்ராக்கெட்டில், ஒரு பல் குறைப்பு. மொத்தம் 14,000 ரூபாய். வண்டி பல்சர் 150.

போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உறிஞ்சு, அழுத்து, வெடி, வெளியேற்று என்ற நான்கு வீச்சையும் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிப்பது சுலபம். அந்த 150 சிசி இடத்துக்குள் கூடுதல் காற்றை நுழைப்பதுதான் கஷ்டம். எஞ்சினில் பலத்தைக் கூட்டுகிறேன் என்று யார் வந்தாலும், காற்று எப்படிக் கூடும் என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டதுமே காந்தம் விழுந்துவிடுகிறது. பெட்ரோல் காந்தத்துக்கு மசியும் பொருளே இல்லை. காந்தம் 'மூலக்கூறுகளை வரிசைப்படுத்தும்' என்று டப்பாவில் எழுதியிருப்பார்கள். இன்ஜெக்டரில் சிதறி, வெப்பத்தில் ஆவியாகி, ஒன்றோடொன்று மோதிக்கொண்டு போகிற மூலக்கூறுக்கு எந்த வரிசை? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி எரிபொருள் சேமிப்புக் கருவிகளை நூற்றுக்கு மேல் சோதித்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் ஒன்றும் தேறவில்லை. புது வண்டியைப் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோமே, அதை நான் கேலி செய்ய மாட்டேன். மைலேஜ் கூடும் என்று சொல்லி எலுமிச்சம்பழத்தை யாரும் விற்பதில்லை. காந்தம் அப்படியில்லை, அறிவியல் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிற மூடநம்பிக்கை. எனக்கு அதன்மேல்தான் கோபம்.

இரிடியம் பிளக் நல்ல பொருள்தான், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஒழுங்காகப் பற்றிக்கொள்கிற அடுப்புக்கு விலை கூடிய தீக்குச்சி வாங்கினால் சோறு சீக்கிரம் வேகுமா?

ஏர் ஃபில்டரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தேவகோட்டைக்குப் போகிற வழியில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு திருகுகிறீர்கள்? பெரும்பாலும் கால்வாசி. அப்போது காற்றை மறித்து நிற்பது ஃபில்டர் இல்லை, எஞ்சின் வாயிலில் பாதிக்கு மேல் மூடிக்கிடக்கும் த்ராட்டில் தட்டு. அதை மூடி வைத்திருப்பது உங்கள் கைதான். முகப்புக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, தெரு அகலமாக இல்லாததால் காற்று வரவில்லை என்று சொல்வது போல. முழுசாகத் திருகிப் பிடிக்கிற சில நொடிகளில் வேண்டுமானால் ஃபில்டர் கொஞ்சம் பேசும். அந்தச் சில நொடிக்காக, நம் பக்கத்துச் செம்மண் புழுதியைக் கூடுதலாக உள்ளே விடும் மலிவு ஃபில்டரை மாட்டுவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் வார்ப்பிரும்பை விடக் கடினமானது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அது போய் உட்கார்ந்தால் உப்புத்தாள் வேலையைச் செய்யும்.

சரி, இனி சைலன்சர். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பு வாசலில் நின்று பார்த்தால் வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். சித்திரை வெயிலிலும் இரண்டு கதவையும் திறந்து போட்டால் வளவில் காற்று ஓடும். பின்வாசல் பக்கம் காற்று இழுத்தால் தெருக்காற்று முகப்பு வழியாக உள்ளே வரும். அதே காற்று பின்பக்கத்திலிருந்து திரும்பி அடித்தால், அடுப்படிப் புகை முழுக்க வளவுக்கு வந்து, பட்டாலையில் உட்கார்ந்திருக்கிற விருந்தாளிகள் இருமுவார்கள்.

எஞ்சினும் அந்த வீடுதான். காற்று நுழையும் வால்வு முகப்பு. புகை போகும் வால்வு பின்வாசல். ஒன்று மூடியபின்தான் மற்றொன்று திறக்கும் என்று பாடப்புத்தகப் படத்தில் இருக்கும். உண்மையில் வெளியேற்று வீச்சு முடிந்து உறிஞ்சு வீச்சு தொடங்குகிற சந்தியில், கண நேரம் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். அந்தக் கணத்தில் பின்வாசலில் இழுப்பு இருந்தால், மிச்சப் புகை வெளியே போகும், புதுக்காற்று பிஸ்டன் உறிஞ்சத் தொடங்கும் முன்பே உள்ளே வரும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, இனாமாக ஒரு காற்றடிப்பான்.

இழுப்பு எங்கிருந்து வரும்? வெறும் குழாயிலிருந்து!

புகை வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைப் போல மூன்று நான்கு மடங்காவது இருக்கும். அது 'டப்' என்று குழாய்க்குள் ஓர் அழுத்த அலையை அனுப்புகிறது. புகை பின்னால் மெதுவாக வரும், அலை முந்திக்கொண்டு ஓடும். தேர் வடத்தை ஒரு முனையில் சுண்டினால் சுண்டல் மறுமுனைக்கு ஓடுகிறதே, வடம் ஓடுவதில்லையே, அது போல. சூடான புகையில் இந்த அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர்.

குழாய் திடீரென்று விரியும் இடத்துக்கு, அதாவது எஞ்சினிலிருந்து வரும் வளைகுழாய் சைலன்சரின் வயிற்றுக்குள் திறக்கும் இடத்துக்கு, அலை வந்து சேர்ந்ததும் நடப்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். விநாயகர் சதுர்த்திக் கூட்டத்தில், முன்னால் இருப்பவர் தோளைப் பிடித்தபடி வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து ஒருவர் தள்ளுகிறார். தள்ளல் ஒவ்வொருவராக முன்னே போகிறது. வரிசையின் தலையில் நிற்பவருக்கு முன்னால் சாய ஆள் இல்லை. அவர் இரண்டடி தடுமாறி முன்னே போகிறார். அவர் தோளைப் பிடித்திருந்தவர் இழுபடுகிறார், அவருக்குப் பின்னால் இருப்பவரும் இழுபடுகிறார். தள்ளலாகப் போனது இழுப்பாகத் திரும்பி வருகிறது! திறந்த முனையில் அழுத்த அலைக்கும் இதே கதிதான். அது உறிஞ்சும் அலையாக மாறி வால்வை நோக்கித் திரும்பும். மூடிய முனையில் மாற்றம் இருக்காது. சுவரில் முட்டிய தள்ளல் தள்ளலாகவும், இழுப்பு இழுப்பாகவுமே திரும்பும்.

இப்போது கணக்குப் போடலாம், தோராயக் கணக்குதான். குழாய் 1 மீட்டர் என்றால் போய்வர 2 மீட்டர். 500 மீட்டர் வேகத்தில் 4 மில்லிநொடி. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் எஞ்சின் ஓடினால், அந்த நேரத்தில், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு 192 டிகிரி திரும்பியிருக்கும். புகை வால்வு திறந்ததிலிருந்து அவ்வளவு திரும்பினால் இரண்டு வால்வும் சேர்ந்து திறக்கும் அந்தச் சந்தியை நெருங்கிவிடுகிறோம். இழுப்பு சரியான நேரத்துக்கு வந்து கதவைத் தட்டுகிறது.

அதே குழாய், 4,000 சுற்று. முதல் இழுப்பு 96 டிகிரியிலேயே வந்துவிடுகிறது. சிலிண்டரில் புகையே இன்னும் தீராத நேரம் அது, சீக்கிரம் வந்த விருந்தாளி மாதிரி. வால்வுப் பக்கம் கிட்டத்தட்ட மூடிய முனை, அதனால் இழுப்பாகவே மறுபடி கிளம்பிப் போகிறது. திறந்த முனையில் மறுபடி தலைகீழாகி, இந்த முறை தள்ளலாகத் திரும்புகிறது. எப்போது வந்து சேரும்? 8 மில்லிநொடியில். 4,000 சுற்றில் அது எத்தனை டிகிரி? அதே 192! இரண்டு கதவும் திறந்திருக்கும் அந்தக் கணத்தில் புகை பின்வாசல் வழியாக வளவுக்குள் புகுந்துவிடுகிறது. ஒரு வேகத்தில் உதவிய குழாய், அதில் பாதி வேகத்தில் காலை வாருகிறது.

நாகஸ்வரம் செய்பவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஊதும் சீவாளியில் கிளம்பும் அலை, விரிந்த வாயான அணசில் திரும்புகிறது. உலவின், அதாவது குழலின், நீளம் கொஞ்சம் மாறினால் சுருதி மாறிவிடும். கம்பெனி சைலன்சரும் சுருதி சேர்த்த வாத்தியம்தான். ஃப்ரீ ஃப்ளோ என்பது உள்ளே அறைகள் இல்லாத நேர்குழாய். அதை மாட்டினால் அலை திரும்பும் இடமே மாறுகிறது. 'பேக் பிரஷர் போயிடும், பிக்கப் குறையும்' என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். பிக்கப் குறைவது உண்மை, காரணம்தான் தப்பு. எந்த எஞ்சினுக்கும் எதிர் அழுத்தம் தேவையில்லை, அலை நேரத்துக்கு வந்தால் போதும்.

பல்சர் 150 தன் 14 குதிரைத்திறனையும் காட்டுவது 8,500 சுற்றில். ஐம்பதில் அறுபதில் போகும்போது எஞ்சின் ஓடுவது 4,000 சுற்றை ஒட்டி. காரைக்குடிக் கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போகிறவன் 8,500 சுற்றை எங்கே தொடப்போகிறான்?

கல்லூரிக் காலத்தில் நானும் இதைச் செய்தவன்தான். இரண்டு வீச்சு எஞ்சின் உள்ள யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில், சைலன்சரின் உள்குழாயைக் கழற்றி எறிந்தேன். ஊரே திரும்பிப் பார்த்தது. பின்னால் ஆள் ஏற்றிக் கிளம்பினால் இழுவை இல்லை. அப்பத்தா சொன்னாள்: "சத்தம் முன்னாடி வருது, நீ பின்னாடி வர்றே." அவளுக்குத் தெரியாமலே அலை இயற்பியல் பேசிவிட்டாள்.

இரண்டு வீச்சு எஞ்சினில் இந்த அலைதான் ராஜா. அங்கே புதுக்கலவையில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். விரிந்து பிறகு குறுகும் வயிறுள்ள குழாயை வைத்தால், குறுகும் பகுதியிலிருந்து ஒரு தள்ளல் அலை திரும்பி வந்து, ஓடியதைப் பிடித்து உள்ளே தள்ளும். இதைக் கலையாக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் கம்பெனியில் இருந்த வால்டர் காடன். காசுக்குப் பஞ்சமான தொழிற்சாலை. ஆனால் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்துக் குழாய்க்குள் அலை எப்படி ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டினார். 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதே வருஷம் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தோடு தப்பித்து மேற்கே போய், ரகசியத்தை சுசுகியிடம் கொடுத்தார். 1962இல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஒரு தகரக் குழாயின் வடிவத்துக்காக இரும்புத்திரையைத் தாண்டியிருக்கிறார்கள்!

காடனிடம் இருந்து நம் ஊர்ப் பட்டறையில் இல்லாதது திறமையா? இல்லை, அளக்கும் கருவி. இங்கே எஞ்சினில் கை வைப்பவர் பலர், மாற்றியபின் எவ்வளவு கூடியது என்று அளப்பவர் யாருமில்லை. காதுதான் மீட்டர். காதோ சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகச் சத்தியம் செய்யும். 1948இல் காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியபோது பின்னால் இருந்தது அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும். மின்வேதியியலுக்கு அன்று யார் கைதட்டியிருப்பார்கள்? இன்று மின்சார வண்டி பேட்டரி என்றால் அங்கே போய்க் கேட்கிறோம். அந்த மனசு வந்த ஊரில், வண்டியின் பின்சக்கரத்தை உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் ஒரு டைனோவைக் கல்லூரி எதிலாவது வைத்து, மெக்கானிக்குகளுக்கும் திறந்துவிட்டால் என்ன? திருவிழாவுக்கு எல்.இ.டி. அலங்காரம் போடுகிற காசில் ஒரு பங்கு போதும் என்பது என் எண்ணம். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

சரி, எல்லாம் கூடிவந்து 5 சதவீதம் திறன் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். காற்றை எதிர்த்து ஓடத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதனால் 110இல் நின்ற வண்டி 112ஐ எட்டும். இரண்டு கிலோமீட்டர்! அதற்காகக் கம்பெனி சைலன்சரோடு, நச்சுப் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியையும் கழற்றினால், 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டியில் புகையை மோப்பம் பிடித்துப் பெட்ரோல் அளவைச் சரிசெய்ய உதவும் ஆக்சிஜன் சென்சாரும் குழம்பும், வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும்.

சீட்டில் உருப்படியான வரி கடைசி வரிதான். முன் ஸ்ப்ராக்கெட் 15 பல்லிலிருந்து 14 ஆனால், ஒவ்வொரு கியரிலும் பின்சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை 7 சதவீதம் கூடும். இனாம் இல்லை, அதே வேகத்துக்கு எஞ்சின் 7 சதவீதம் கூடுதலாகச் சுற்றவேண்டும், பெட்ரோலும் கொஞ்சம் குடிக்கும். ஆனாலும் கிளம்பும்போது நிஜமாகவே தெரியும், ஆகும் செலவோ சில நூறு ரூபாய்.

மற்ற நான்கு வரியையும் அடித்துவிட்டு, பின் டயரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எங்கள் ஐயாவின் வழுக்கைத் தலை மாதிரி இருந்தது. எஞ்சின் கொடுக்கிற பலமும் பிரேக் பிடிக்கிற பிடியும் தரையில் இறங்குவது அந்த உள்ளங்கை அகல ரப்பர் வழியாகத்தான். டயருக்கு அப்பச்சியிடம் கேட்க வேண்டாம் என்று நானே பணம் அனுப்பினேன்.

ஸ்ப்ராக்கெட் மாற்றப் போன இடத்தில், பெரிய வியாபாரம் போன வருத்தமோ என்னவோ, மெக்கானிக் அந்தக் காந்தத்தைச் சும்மாவே கொடுத்திருக்கிறார். இப்போது அது அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.