ஜாடியில் முதலில் கெடுவது தண்ணீர்

அக்னி நட்சத்திரம் முடிகிற சமயத்தில், பங்குனியில் விதைத்த ஜினியாவும் செண்டுப்பூவும் கோழிக்கொண்டையும் மாடித் தோட்டத்தில் ஒன்றாகப் பூத்து நிற்கும். ஆசையாக ஒரு கொத்து வெட்டி ஜாடியில் வைப்போம். மறுநாளே தலை தொங்கிவிடும். வெயில் அப்படி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பெரும்பாலும் கோளாறு இருப்பது வெட்டிய நேரத்திலும் ஜாடித் தண்ணீரிலும்தான்.

காலை ஏழு மணிக்குள் வெட்டிவிடுங்கள். இரவெல்லாம் குடித்த நீர் அப்போது தண்டில் நிறைந்திருக்கும். வாளியில் தண்ணீரோடு செடிகிட்டே போங்கள். வெட்டிய பூவைக் கையில் சேர்த்துக்கொண்டே சுற்றினால் தண்டின் வாய்க்குள் காற்று ஏறி அடைத்துக்கொள்ளும்; அப்புறம் எவ்வளவு தண்ணீரில் வைத்தாலும் மேலே ஏறாது. மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். கூரான கத்தியோ தோட்டக் கத்தரியோ போதும், சாய்த்து வெட்ட வேண்டும். தட்டையாக வெட்டினால் தண்டு ஜாடியின் அடியில் ஒட்டி உட்கார்ந்துவிடும்.

எந்தப் பூ எப்போது பக்குவம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஜினியாவில் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பூவிலிருந்து ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கழுத்து துவண்டு ஆடினால் இன்னும் இரண்டு மூன்று நாள் செடியிலேயே விட்டுவிடுங்கள். தண்டு விறைப்பாக நின்றால் வெட்டலாம். துவளும் பருவத்தில் வெட்டியது ஜாடியில் ஒருபோதும் நிமிராது. சம்பங்கியில் அடிப் பூக்கள் இரண்டு மூன்று விரிந்ததும் வெட்டினால் மேல் மொட்டுகள் வரிசையாக மலரும். செண்டுப்பூவை முழுதாக விரிந்த பிறகே எடுக்க வேண்டும். சூரியகாந்திக்கு மட்டும் அவசரம் நல்லது: இதழ்கள் நிமிரத் தொடங்கும்போதே வெட்டிவிடலாம்.

வீட்டுக்குள் வந்ததும் தண்டின் நுனியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து இன்னொரு 2 செ.மீ. நறுக்கி, கழுத்து வரை நீர் நிற்கும் வாளியில் நிழலான அறையில் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். அழகாக அடுக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

இனி தண்ணீர். நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக் கூடாது. மூழ்கிய இலை அழுகும், பாக்டீரியா பெருகும், வழவழப்பு தண்டின் குழாய்களை அடைக்கும். தண்ணீரில் நின்றபடியே பூ தாகத்தில் வாடும். செண்டுப்பூ ஜாடியின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை மட்டும் போட்டால் பூவை முந்திக்கொண்டு பாக்டீரியாதான் சாப்பிடும். 1 லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கடைசியாகக் கால் தேக்கரண்டி குளோரின் ப்ளீச் (துணி வெளுக்கும் திரவம்) என்று கலந்தால் உணவும் கிருமித் தடுப்பும் சேர்ந்து கிடைக்கும். எலுமிச்சைச் சாற்றையும் ப்ளீச்சையும் தண்ணீர் இல்லாமல் நேரடியாகக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்றால் தினமும் தண்ணீரை மாற்றினாலே போதும். செப்புக் காசு போடுவதையெல்லாம் நம்பி உட்கார வேண்டாம்.

நம் ஊரில் தண்ணீர் மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு. ஜாடியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். வெப்ப நாட்களில் முட்டை பொரிந்து ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். ஆகவே பழைய நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பாட்டிலில் வளரும் மணிபிளான்ட்டுக்கும் இது பொருந்தும். அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

அரளி கண்ணுக்கு அழகு. ஆனால் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம், அது நின்ற தண்ணீரும் விஷம். 2024 மே மாதம் கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்தியது. குழந்தையோ நாயோ பூனையோ இருக்கும் வீட்டு ஜாடியில் அரளி வேண்டவே வேண்டாம்.

அடுக்குவதற்குப் பச்சை நிற ஃபோம் வாங்காதீர்கள். அது பிளாஸ்டிக். பொடிந்து சாக்கடைக்குப் போகும், மட்காது. ஜாடி வாயில் செல்லோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக் கட்டம் போடுங்கள், அல்லது ஒரு கையளவு கோழிவலையைச் சுருட்டி உள்ளே செருகுங்கள். கொத்தின் உயரம் ஜாடியைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் பார்வைக்குச் சரியாக உட்காரும். முதலில் கோழிக்கொண்டை போன்ற கனமானவை, பிறகு ஜினியா, கடைசியில் காஸ்மாஸ் மாதிரி மெல்லியவை.

நான்காம் நாள் பழுத்த தண்டுகளை எடுத்துவிட்டு மீதியைக் குட்டையாக நறுக்கி டம்ளரில் வையுங்கள். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் எஞ்சினால் தலைகீழாகக் கட்டி, காற்றோட்டமான இருட்டு அறையில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். தண்ணீரே இல்லாமல் அடுத்த பொங்கல் வரை நிற்கும்.