தனித்தேனீ தங்க எப்படித் துளை போடுவது?

பூச்செடிகள் நிறைய இருந்தும் தேனீக்கள் வந்த வேகத்தில் போய்விடுகின்றனவா? பெரும்பாலும் குறை பூவில் இல்லை, தங்க இடமில்லாததுதான். உலகில் சுமார் 20,000 தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பான்மைக்கு ராணியும் கிடையாது, தேனடையும் கிடையாது. பெண் தேனீ தன்னந்தனியாகக் கூடு கட்டி முட்டையிடும். இவைதான் தனித்தேனீக்கள்.

இலைவெட்டித் தேனீ ரோஜா இலையின் ஓரத்தை நீள்வட்டமாக நறுக்கி, சுருட்டிக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு பறக்கும். பொந்துக்குள் இலைகளைப் படியவைத்து ஓர் அறை செய்து, மகரந்தமும் பூந்தேனும் பிசைந்த கலவையை நிரப்பி, அதன்மேல் ஒரே ஒரு முட்டை வைக்கும். வட்டமாக வெட்டிய இலைத்துண்டுகள்தான் மூடி. அதன் முன்னால் அடுத்த அறை. பெண்ணாகும் முட்டைகள் உட்கோடியிலும் ஆணாகும் முட்டைகள் வாசல் பக்கமும் இருக்கும். துளை ஆழமில்லாவிட்டால் ஆண்களே அதிகம் பிறக்கும். அடுத்த தலைமுறையில் கூடு கட்ட ஆளிருக்காது. அழகுக்காகச் செய்யப்படும் பல தேனீப் பெட்டிகள் தோற்பது இங்கேதான்.

நன்றாகக் காய்ந்த, மருந்து பூசாத கெட்டி மரக்கட்டை வேண்டும். 4 முதல் 10 மி.மீ. வரை பல விட்டங்களில் துளை போடுங்கள். பெரிய துளைகள் 15 செ.மீ. ஆழம் இருக்கட்டும். பின்பக்கம் திறந்துவிடக் கூடாது. மரவளையம் தெரியும் அறுத்த முகப்பில் துளையிட்டால் மரம் வெடித்து, விரிசல் வழியே ஒட்டுண்ணிக் குளவிகள் நுழையும். பக்கவாட்டில்தான் துளையிட வேண்டும். துளையின் வாயில் சிலும்பு நின்றால் இறக்கை கிழியும், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மூங்கில் என்றால் ஒரு முனையில் கணு இருக்கட்டும்.

காலை வெயில் படும் பக்கம், 1 முதல் 2 மீட்டர் உயரத்தில், ஆடாமல் இறுக்கிப் பொருத்துங்கள். மேலே கூரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நனைந்தால் மகரந்தம் பூஞ்சை பிடித்து, புழு செத்துவிடும். பழைய துளைகளில் உண்ணிகள் பெருகும் என்பதால், தேனீக்கள் வெளியேறியபின் இரண்டு ஆண்டுக்கொருமுறை கட்டையை மாற்றுவது நல்லது.

மண்ணில் வளை தோண்டும் இனங்கள்தான் இன்னும் அதிகம். அவற்றுக்கு மூடாக்குப் போடாத, கொத்தாத, வெயில்படும் வெற்றுமண் கொஞ்சம் போதும்.

ரோஜா இலையில் அரைவட்ட வெட்டு தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். தேனீ இலையைத் தின்பதில்லை, செடிக்கும் பெரிய சேதமில்லை. இமிடாகுளோபிரிட் போன்ற, செடிக்குள் ஊடுருவும் பூச்சிமருந்துகளோ பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும். அதைத்தான் புழு தின்று வளரும்.