எல்.எல்.சி.: வரம்பு யாருக்கு?

அமெரிக்காவில் வாடகைக்கு விடுவதற்கென்று வீடு வாங்குகிறவர்கள் நாலு பேர் கூடினால், "வீட்டை எல்.எல்.சி.யில போட்டாச்சா?" என்ற கேள்வி வந்துவிடும். விரித்துச் சொன்னால் லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி. தமிழில் 'வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்' என்று எழுதிவிடுகிறோம். தப்பில்லை, ஆனால் நிறுவனத்தின் பொறுப்புக்குத்தான் எல்லை என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். விஷயம் அப்படியில்லை. கடன்பட்ட நிறுவனம் கையில் இருப்பது மொத்தமும் தீரும்வரை கொடுத்தாக வேண்டும். எல்லை அதன் உரிமையாளருக்கு. போட்ட முதல் போகலாம், சொந்தச் சேமிப்பில் யாரும் கைவைக்க முடியாது.

ஒரு பேச்சுக்கு, வாடகை வீட்டு மாடிப்படியின் கைப்பிடி கழன்று, குடியிருப்பவர் விழுந்து வழக்குப் போடுகிறார். காப்பீடு கொடுத்தது போக இன்னும் 5 லட்சம் டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு. வீட்டின் மதிப்பு 3 லட்சம். வீடு எல்.எல்.சி. பெயரில் இருந்தால் அந்த 3 லட்சத்தோடு நின்றுவிடும். "உங்கள் சொத்தைப் பாதுகாக்க எல்.எல்.சி." என்ற விளம்பரம் அதனால் பாதி உண்மைதான். உள்ளே வைத்த வீடு போகும், வெளியே இருப்பது தப்பும். மூன்று வீடு வைத்திருப்பவர் மூன்று எல்.எல்.சி. தொடங்குவதும் இதற்காகத்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'லிமிட்' லத்தீனின் 'லிமெஸ்' என்பதிலிருந்து வந்தது. வயல்களுக்கு நடுவே எல்லையாக ஓடும் பாதைக்கு அந்தப் பெயர். நம் 'வரம்பு' அச்சாக அதே சொல்: வயலின் வரப்பும் அதுதான், எல்லையும் அதுதான். 'லயபிலிட்டி'யின் வேர் 'லிகாரே', கட்டுதல். கடனோடு கட்டுண்டு கிடப்பது. இதற்குப் 'பிணை' அழகாகப் பொருந்தியிருக்கும். ஆனால் அது ஜாமீனுக்குப் போய்விட்டது, 'பொறுப்பு' போதும். 'கம்பெனி'யின் அடியில் இருப்பது ரொட்டி: சேர்ந்து உண்பவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துத் தமிழில் அது 'கும்பினி' ஆனது. இன்றைக்குத் தனியொருவரே எல்.எல்.சி. தொடங்கலாம் என்பதால், சேர்ந்து உண்ண ஆளே இல்லாத கும்பினிகளும் உண்டு.

இந்த ஏற்பாடு பழையதல்ல. ஜெர்மனி 1892இல் சிறு தொழில்களுக்காக இப்படியொரு அமைப்பைச் சட்டமாக்கியது. அந்த வகை லத்தீன் அமெரிக்காவில் 'லிமிடாடா' என்ற பெயரில் பரவியது. அதைப் பார்த்துப் பழகிய ஓர் எண்ணெய் நிறுவனம் கேட்டுக்கொண்டதால் வயோமிங் மாநிலம் 1977இல் முதல் எல்.எல்.சி. சட்டத்தை இயற்றியது. பத்தாண்டுக்கு மேல் அதைச் சீண்டுவார் அநேகமாக இல்லை. கூட்டாண்மைக்குப் (பார்ட்னர்ஷிப்) போலவே இதற்கும் வருமானவரி, நிறுவனத்திடம் ஒருமுறை, உரிமையாளரிடம் மறுமுறை என்று லாபத்துக்கு இருமுறை வரி கிடையாது என்று 1988இல் வரித்துறை தெளிவாக்கியது. அதற்கப்புறம் மற்ற மாநிலங்கள் வரிசையாகச் சட்டம் போட்டன.

வரப்பு உடைவதும் உண்டு. கைப்பிடியை அரைகுறையாகப் பொருத்தியவர் உரிமையாளரே என்றால், அந்தக் கவனக்குறைவுக்கு அவரே நேரடிப் பொறுப்பு. வங்கிக் கடனுக்குத் தன் பெயரில் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடனுக்கும் அப்படியே. வாடகைப் பணத்தைச் சொந்தக் கணக்கில் போட்டு மளிகைக்குச் செலவழிக்கிறவரை நீதிமன்றம் தனி ஆளாகவும் நிறுவனமாகவும் பிரித்துப் பார்க்க மறுக்கலாம். நிறுவனம் என்ற திரையைக் கிழித்து உரிமையாளரின் சொந்தப் பணத்தில் கைவைப்பதால், சட்டத்தில் இதற்குத் திரை கிழிப்பு என்று பெயர். என்னைக் கேட்டால், ஒரு வீட்டுக்காரர் முதலில் நல்ல காப்பீடு எடுக்கட்டும், எல்.எல்.சி. அதற்குப் பிறகு.

தமிழில் எப்படி எழுதுவது? கம்பெனிக்கு 'நிறுமம்' என்ற சொல் வணிகவியல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. 'நிறுவனம்' பள்ளிக்கும் அறக்கட்டளைக்கும்கூடப் பொருந்தும் என்பதால் இங்கே நிறுமமே மேல். இலங்கையில் சட்டத்திலும் 'கம்பனி' என்றே எழுதுகிறார்கள். என் தேர்வு 'வரம்புறு பொறுப்பு நிறுமம்'. முதல்முறை எழுதும்போது 'உரிமையாளர் பொறுப்பு வரம்புற்ற நிறுமம்' என்று விரித்துவிட்டால் குழப்பம் வராது. ஆவணத்தில் பதிவான பெயரை மட்டும் மாற்றக்கூடாது, அங்கே எல்.எல்.சி. அப்படியே இருக்க வேண்டும். இந்தியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் எல்.எல்.பி. வேறு. அது கூட்டாண்மை, குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அதை 'வரம்புறு பொறுப்புக் கூட்டாண்மை' எனலாம்.