ஓதம் ஏறிய சுவரில் டெக்ஸ்சர் அடிக்காதீர்கள்

போன வாரம் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "அக்கா, ஹால்ல ஒரு சுவருக்கு மட்டும் டெக்ஸ்சர் அடிச்சு ஆறு மாசம்தான் ஆகுது, கீழ பொரிஞ்சாப்ல இருக்கு, மேல இன்னொரு கோட் அடிச்சா சரியாயிடுங்களா?" என்று போனில் கேட்டிருந்தார் அந்த வீட்டுப் பெண். பழுப்பு நிறத்தில், மரப்பட்டை போல வரி வரியாக இழுத்த வேலை. தள்ளி நின்று பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. ஆனால் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை அப்பளம் மாதிரி உப்பி நின்றது. விரல் மூட்டால் தட்டினேன், உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது. கட்டை விரலை வைத்து லேசாக அழுத்தியதுமே மேல்தோல் உடைந்து, பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டியும் சிமெண்ட் பூச்சும் ஈரப் புட்டு மாதிரி கையில் உதிர்ந்து விழுந்தன. உள்ளே செங்கல் மேல் மாவு தூவியதுபோல வெள்ளை உப்பு. கட்டிலில் உட்கார்ந்திருந்த பாட்டி, "அந்த செவுத்துல ஓதம் ஏறுதுன்னு அப்பவே சொன்னேன், யாரும் கேக்கல" என்றார்.

இந்த வருஷம் எனக்கு இது நாலாவது வீடு. ஓசூரில் இரண்டு, தர்மபுரியில் ஒன்று, இப்போது இது. நான்கிலும் பெயிண்டர் சொன்னது ஒரே வசனம்: "டெக்ஸ்சர் அடிச்சா ஓதமே தெரியாதுங்க."

தெரியாதுதான், ஒரு மழைக்காலம் வரும் வரைக்கும்!

உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை கூதல் தொடங்கிவிட்டால் நம் பக்கம், அதுவும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீடு கதகதப்பாக இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. வழவழ டைல்ஸ், வழவழ சுவர், வெள்ளை டியூப்லைட் என்று எல்லாமே மொழுமொழுவென்று இருந்தால் வீடு குளிர்ந்துபோய்த்தான் தெரியும். சொரசொரப்பும் நெய்த இழையும் கண்ணில் பட்டாலே ஒரு சூடு வரும். என் வேலையே அதுதான். ஆனால் அதைச் சுவரில் ஆரம்பிக்காதீர்கள், அதுவும் ஈரச் சுவரில்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டுபோன விஷயம் இது. டெக்ஸ்சர் பெயிண்ட் ஓதத்துக்கு மருந்து இல்லை. அது ஒரு கெட்டியான தோல். சுவருக்குள் ஏறிய தண்ணீர் ஏதாவது ஒரு வழியில் வெளியே போய்க் காய வேண்டும். நீங்கள் இந்தப் பக்கத்தை அடைத்தால் அது இன்னும் ஒரு முழம் மேலே ஏறும், இல்லாவிட்டால் சுவரின் அந்தப் பக்கம், படுக்கையறையில் போய்ப் பூக்கும். ஹாலில் அடைத்தீர்கள், பீரோவுக்குப் பின்னால் பூசணம் வந்தது என்றால் இரண்டும் ஒரே தண்ணீர்தான். சரி, பெயிண்ட் வேண்டாம், பிவிசி பேனல் அடிக்கிறேன் என்கிறார்கள். பேனலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும், அது இன்னும் மோசம். வால்பேப்பர் ஒட்டினாலும் இதே கதைதான். மேலே இன்னொரு கோட் அடித்தால் நிற்குமா என்றால், நிற்காது. விலை உயர்ந்த கம்பெனி பெயிண்ட் அடித்தால்? அதுவும் நிற்காது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எதை அடித்தாலும் நிற்காது.

எங்கிருந்து வரும் என்று கேட்டால், நம் ஊர்களில் நான் அதிகம் பார்ப்பது இரண்டு. ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருப்பது. இன்னொன்றை யாரும் யோசிப்பதே இல்லை. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்துக்குப் போய்விடுகிறது, வெளியே மண் பிளிந்த் பீமை (அஸ்திவாரத்துக்கு மேல், சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் பட்டை) தாண்டி சுவரோடு சாய்ந்து கிடக்கிறது. பழையபேட்டை வீட்டில் இதுதான். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன், செம்பருத்திச் செடிக்காக மண்ணைக் கொட்டி மேடாக்கி, தினமும் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்கள்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓரடிக்கு ஓரடி கண்ணாடி பாலித்தீன் தாளை எடுத்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் போட்டு சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது, பெயிண்டரை அனுப்பிவிட்டு நல்ல கொத்தனாரைக் கூப்பிடுங்கள். வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறங்கள். புது வீடு என்றால் பூச்சு முடிந்து 28 நாளாவது போகட்டும், மழை மாசமாக இருந்தால் அதற்கும் மேல். கிரகப்பிரவேச நாள் குறித்தாகிவிட்டது என்று என்னை அவசரப்படுத்தாதீர்கள், சுவருக்கு முகூர்த்தம் தெரியாது.

அடுத்தது துணி. இன்ஸ்டாவில் பார்த்து வாங்குகிறீர்களே, அந்தப் புசுபுசு கார்ப்பெட்டும் வெல்வெட் திரையும், அதெல்லாம் இலையுதிர்காலம் வரும் குளிர் நாட்டு வீடுகளுக்கு உரியவை. அங்கே குளிர் ஆரம்பித்ததும் ஹீட்டர் போடுவார்கள், உள்ளே காற்று உலர்ந்துவிடும். நமக்கோ குளிரும் மழையும் சேர்ந்து வருகின்றன, ஹீட்டரும் இல்லை, ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். அந்த ஈரத்தில் தடிமனான கார்ப்பெட் தூசிப் பூச்சிகளை வளர்க்கும். வீட்டில் இளைப்பு உள்ள குழந்தை இருந்தால் தயவுசெய்து வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். குழந்தைக்கு மூச்சு இழுத்தால் டாக்டரிடம் போங்கள், அவரிடம் கார்ப்பெட் வாங்கிய விஷயத்தையும் சொல்லுங்கள்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: தூக்கி உதற முடிகிறதா, துவைத்து வெயிலில் போட முடிகிறதா? முடிந்தால் வாங்குங்கள். பவானி ஜமக்காளத்தைவிட நல்ல இழை எனக்குத் தெரியாது, அந்தப் பட்டைக் கோடுகளே ஹாலை நிறைத்துவிடும். கோரைப்பாயை விரித்து அதன்மேல் ஜமக்காளம், சோபா கையில் தாத்தா காலத்து ஆட்டு ரோமக் கம்பளி, ஓரத்தில் ஒரு மூங்கில் கூடை. வாசலில் தென்னை நார் மிதியடி. கல்லுக்கு நாம் வெளியே போக வேண்டியதே இல்லை, நம் மாவட்டத்து கிரானைட் ஊர் ஊராகப் போகிறது. அதையே பளபள பாலிஷ் போடாமல், தோல் மாதிரி லேசான சொரசொரப்போடு இருக்கும் லெதர் ஃபினிஷில் ஒரு திண்ணைப் பலகை போடச் சொல்லுங்கள், உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், புரியும்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் பல்பை மாற்றுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய மஞ்சள்) வெள்ளை வெளிச்சம், அதில் எந்த இழையும் செத்துப்போன மாதிரிதான் தெரியும். 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் பல்பை மூலையில் தாழ்வாக வைத்தால் வெளிச்சம் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும், பாயின் ஒவ்வொரு கோரையும் நிழலோடு எழுந்து நிற்கும். சுவரில் கொத்தனார் விட்ட மேடு பள்ளமும் எழுந்து நிற்கும், அதனால் பெயிண்டர்களுக்கு இந்த யோசனை பிடிக்காது.

கார்த்திகை விளக்கை ஜன்னல் திட்டில் வைக்கும்போது பாலியஸ்டர் திரையைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஓரமாக ஒதுக்கிக் கட்டினால் போதாது. அது பருத்தி மாதிரி எரிவதில்லை, உருகிச் சொட்டும், தோலில் ஒட்டிக்கொள்ளும். வாசனை மெழுகுவத்தியும் புசுபுசுத் துணி பக்கத்தில் வேண்டாம்.

பழையபேட்டை வீட்டில் இடுப்பு உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்தாயிற்று. வெளியே மண்ணை வெட்டி இறக்கி, செம்பருத்தியைக் காம்பவுண்டு ஓரம் மாற்றி நட்டிருக்கிறார்கள். சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாசம் என்பது எங்கள் வேலையில் பழகிய கணக்கு, அது ஒன்பது அங்குலச் சுவர். குறைந்தது பங்குனி வெயில் வரும் வரையாவது அதைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் செங்கல் அப்படியே தெரியட்டும். எதிர்ச் சுவர் ஓரமாக ஜமக்காளத்தை விரித்து, மூலையில் மஞ்சள் பல்பு ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். பாட்டி கட்டிலை விட்டு இறங்கி அதில்தான் உட்கார்ந்திருக்கிறாராம்.